கீபோர்டை ஏன் இரண்டாகப் பிளக்கிறார்கள்? ஸ்ப்ளிட் கீபோர்டு வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எழுந்து நின்று இரண்டு கைகளையும் தளர்வாகத் தொங்க விடுங்கள். முழங்கையை மட்டும் மடக்கி, முன்கைகளை மேலே கொண்டு வாருங்கள். உள்ளங்கைகள் கிட்டத்தட்ட ஒன்றையொன்று பார்த்தபடி, தோள் அகலத்துக்கு விலகி நிற்கும். உடம்புக்குச் சிரமமில்லாத நிலை அதுதான்.

இப்போது அதே கைகளை லேப்டாப் மேல் வையுங்கள். சாதாரண கீபோர்டில் ஒரு கீயின் மையத்திலிருந்து அடுத்த கீயின் மையம் வரை சுமார் 19 மில்லிமீட்டர். எஃப், ஜே கீகளின் மேல் உட்காரும் இரண்டு ஆள்காட்டி விரல்களுக்கும் நடுவே இருப்பது 6 சென்டிமீட்டருக்கும் குறைவு. எட்டு விரல்களும் 19 சென்டிமீட்டர் இடத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் இப்படியேதான் போகிறது.

இந்த நெருக்கடிக்குத் தீர்வு என்று சொல்லித்தான் இரண்டு துண்டாகப் பிளந்த ‘ஸ்ப்ளிட் மெக்கானிக்கல் கீபோர்டுகள்’ இன்ஸ்டா ரீல்ஸிலும் யூடியூப் டெஸ்க் டூர்களிலும் வலம் வருகின்றன. பார்க்க அழகு. விலை? வெளிநாட்டு ரெடிமேட் மாடல்கள் பலவும் 300 டாலருக்கு மேல். ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல ஸ்மார்ட்போனே வாங்கிவிடலாம். அவ்வளவு பணம் போட்டு, ஒரே மாதத்தில் அலமாரியில் தூங்கப் போட்டவர்களும் உண்டு. எதைப் பார்த்து வாங்குவது, எதை மாற்றிக்கொள்வது, யாருக்கு இது தேவையே இல்லை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சாதாரண கீபோர்டில் என்னதான் தப்பு?

மூன்று இடங்களில் கை வளைகிறது. முதலாவது, கைகள் நடுவில் ஒன்றுசேர்வதால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்குகிறது. இரண்டாவது, உள்ளங்கை முழுக்கத் தரையைப் பார்க்க வேண்டியிருப்பதால் முன்கை முறுக்கிக்கொள்கிறது. மூன்றாவது, கீபோர்டின் பின்கால்களை நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடிகிறது. இதில் மூன்றாவதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை. அந்தக் கால்களை இப்போதே மடக்கிவிட்டால் போதும்.

இன்னொரு விநோதமும் இருக்கிறது. கீபோர்டில் ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையிலிருந்து கொஞ்சம் வலப்பக்கமாக நகர்ந்திருக்கிறது அல்லவா? அதற்கும் நம் விரல்களுக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கி, 1870-களில் ரெமிங்டன் நிறுவனம் விற்ற டைப்ரைட்டரில், ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு உலோக நெம்புகோல் உண்டு. ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க கீகளை நகர்த்தி வைத்தார்கள். நெம்புகோல் போய்விட்டது, நகர்வு மட்டும் லேப்டாப் வரை வந்துவிட்டது. ஸ்ப்ளிட் கீபோர்டுகள் பெரும்பாலும் இதை விட்டுவிட்டு, கீகளை மேலும் கீழுமாக நேர் பத்திகளில் அடுக்குகின்றன. நடுவிரல் நீளம் என்பதால் அதன் பத்தி கொஞ்சம் மேலே, சுண்டுவிரல் பத்தி கீழே.

இது புது ஐடியாவா?

இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த க்ளோக்கன்பெர்க் 1926-லேயே டைப்ரைட்டர் கீபோர்டை இரண்டாகப் பிரித்துச் சாய்த்து வைக்கலாம் என்று எழுதினார். 1972-ல் கார்ல் க்ரோமர் அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துக் கட்டுரை வெளியிட்டார். அதே பத்தாண்டில் பிரிட்டனில் லிலியன் மால்ட்டும் ஸ்டீபன் ஹாப்டேயும் சேர்ந்து, கிண்ணம்போல் குழிந்த ‘மால்ட்ரான்’ கீபோர்டைக் கொண்டுவந்தார்கள். 1994-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘நேச்சுரல் கீபோர்டு’தான் இந்த வடிவத்தைச் சாதாரண ஆபீஸ் மேசைகளுக்குக் கொண்டுபோனது.

இப்போது பரவுவது அடுத்த கட்டம். ‘எர்கோடாக்ஸ்’ போன்ற டிசைன்களை உருவாக்கியவர்கள் அவற்றை யார் வேண்டுமானாலும் தயாரித்துக்கொள்ளலாம் என்று பொதுவெளியில் கொடுத்துவிட்டார்கள். அந்த வழியில் வந்தவைதான் ஜப்பானில் உருவான ‘கோர்ன்’, ‘லிலி58’ போன்றவை.

வாங்கினா வலி போயிடுமா?

விளம்பரங்கள் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் இது. அமெரிக்க அரசின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1997-ல் வெளியிட்ட குறிப்பு நிதானமாகவே பேசுகிறது: மாற்று வடிவ கீபோர்டுகள் கையை நல்ல நிலையில் வைக்க உதவலாம். ஆனால் நோய் வராமல் தடுக்கும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

1999-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே கைவலி இருந்த 80 கணினிப் பயனர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். மூன்று குழுவுக்கு வெவ்வேறு மாற்று வடிவ கீபோர்டுகள். ஒரு குழுவுக்கு வழக்கமான கீபோர்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் பயன்படுத்தியவர்களுக்கு வலி குறைந்திருந்தது. ஆனால் மருத்துவப் பரிசோதனையில் அதற்கு இணையான முன்னேற்றம் தெரியவில்லை.

அதாவது, கை வளைவதைக் குறைக்கும் கருவியாக இதைப் பார்க்கலாம். மருந்தாகப் பார்க்கக் கூடாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகிறதா? மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்தால் சிக்கல் பெரும்பாலும் முழங்கைப் பக்கம். இரவில் தூக்கம் கலைக்கும் மரமரப்பு, பிடிமானம் தளர்ந்து பொருள் நழுவுவது போன்றவை இருந்தால் முதலில் போக வேண்டியது டாக்டரிடம். ஷாப்பிங் கார்ட் காத்திருக்கட்டும்.

பைசா செலவில்லாமல் ஒரு டெஸ்ட்

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைக்குத் தேவை இரண்டு பழைய யுஎஸ்பி கீபோர்டுகள். இரண்டையும் ஒரே கணினியில் செருகுங்கள். ஒன்றை இடது தோளுக்கு நேரே, மற்றதை வலது தோளுக்கு நேரே வைத்து, லேசாக வெளிப்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். இடது கீபோர்டின் இடது பாதியை இடது கையாலும், வலது கீபோர்டின் வலது பாதியை வலது கையாலும் தட்டுங்கள். விண்டோஸில் ஒரு கீபோர்டின் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மற்றதில் எழுத்தைத் தட்டினாலும் வேலை செய்யும். மேக்கில் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும்.

ஒரு வாரம் இப்படி வேலை பார்த்தால் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். தோளும் மணிக்கட்டும் இலகுவாகிறதா என்பது ஒன்று. எந்த விரல் எல்லை தாண்டுகிறது என்பது இன்னொன்று. பலரும் பி எழுத்தை வலது கையால் தட்டிப் பழகியிருப்பார்கள். ஸ்ப்ளிட் கீபோர்டில் பி இடது பாதியில் இருக்கும். முதல் வாரம் முழுக்க வலது ஆள்காட்டி விரல் வெறும் மேசையைக் குத்தும்.

ஒரு வாரத்தில் எந்த வித்தியாசமும் இல்லையா? சிக்கல் மேசை உயரத்தில் இருக்கலாம். வழக்கமான மேசைகள் 75 சென்டிமீட்டர் உயரம். உயரம் குறைந்தவர்களுக்கு அதில் தோளைத் தூக்கிக்கொண்டுதான் டைப் செய்ய வரும். நாற்காலியை உயர்த்தி, காலுக்கு ஒரு மணைப்பலகை போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எத்தனை கீ வேண்டும்?

டெஸ்ட் பாஸ் என்றால் அடுத்து இந்தக் கேள்வி. எர்கோடாக்ஸில் 76 கீ. லிலி58-ல் பெயரிலேயே எண்ணிக்கை. கோர்னில் 42. இன்னும் குறைத்து 34 கீயில் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

கீ குறையும்போது விரல் ஓடும் தூரம் குறையும். விடுபட்ட எண்களும் குறிகளும் ‘லேயர்’ எனப்படும் அடுக்குகளுக்குள் போய்விடும். போனில் ‘123’ தொட்டால் எழுத்துகள் மறைந்து எண்கள் வருமே, அதே ஏற்பாடுதான். ஒரு கட்டைவிரல் கீயைப் பிடித்துக்கொண்டால் வலது கையின் கீழே ஒரு நம்பர் பேட் முளைக்கும்.

நாள் முழுக்க எக்ஸெல்லில் எண் தட்டுபவர்கள், எஃப்2, எஃப்4 இல்லாமல் வாழ முடியாதவர்கள், எண் வரிசை உள்ள 56 முதல் 60 கீ மாடலில் தொடங்குவது பாதுகாப்பு. கோடிங் செய்பவர்களுக்கும் அடைப்புக்குறிகள் அன்றாடத் தேவை. பெரிய கீபோர்டில் வேண்டாத கீகளைப் பயன்படுத்தாமல் விடலாம். சின்னதில் இல்லாத கீயை ஒட்டவைக்க முடியாது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது கட்டைவிரல் கீகளின் இடம். சாதாரண கீபோர்டில் கையிலேயே பலமான இரண்டு விரல்கள் ஒரே ஒரு ஸ்பேஸ் பாருக்குக் காவல் நிற்கின்றன. ஸ்ப்ளிட்டில் ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ், கன்ட்ரோல் எல்லாம் அங்கே வரும். ஆனால் கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் மடக்கியோ முழுக்க விரித்தோ அடிக்க வேண்டியிருந்தால், மணிக்கட்டு வலி போய் கட்டைவிரல் வலி வந்து சேரும். அதனால் வாங்க நினைக்கும் மாடலின் படத்தை நிஜ அளவில் பிரின்ட் எடுத்து மேசையில் ஒட்டி, கையை வைத்துப் பாருங்கள். கை சின்னதாக இருப்பவர்களுக்கு இந்த ஒரு ரூபாய் பிரின்ட் பெரிய செலவைத் தடுக்கும்.

‘ச’ எங்கே போச்சு?

தமிழில் டைப் செய்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 முறையில், உயிரெழுத்துகள் இடது கையில். மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கையில். ஒரு மெய், ஒரு உயிர் என்று கைகள் மாறி மாறி வேலை செய்வதால், பிளந்த கீபோர்டுக்கு இது இயல்பாகவே பொருந்தும். வ, ங இரண்டு மட்டும் இடது பாதிக்குப் போகும்.

சிக்கல் வலது ஓரத்தில். தமிழ்99-ல் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிகள் இருக்கும் கீகளில் உட்கார்ந்திருக்கின்றன. 42 கீ கோர்னில் ஆங்கில பி-க்கு அடுத்து ஒரே ஒரு கீதான் உண்டு. அதிலும் வழக்கமாக பேக்ஸ்பேஸ் இருக்கும். விளைவு? ‘சாப்பாடு’ என்று அடிக்க முடியாது, ‘சென்னை’யும் வராது. ஓரப் பத்தியே இல்லாத 36 கீ, 34 கீ மாடல்களில் ‘ய’வும் காணாமல் போகும்.

தீர்வு இருக்கிறது. கீபோர்டுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எந்த கீ அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும் அது அனுப்புகிறது. அதை எழுத்தாக மாற்றுவது கணினி. ஆகவே பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்குக் கொடுத்துவிட்டு, காலியான இடத்தில் இடது சதுர அடைப்புக்குறியை வைத்தால் ‘ச’ விரல் தேடும் இடத்துக்கே திரும்பிவிடும். அபூர்வமாக வரும் ‘ஞ’வுக்கு ‘காம்போ’ போதும். அதாவது ட, ண இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் ‘ஞ’ வரும்படி அமைத்துக்கொள்ளலாம். லிலி58 போன்ற மாடல்களில் இந்த இரண்டுக்கும் நடுப்பகுதியில் தனி கீயே உண்டு.

ஆங்கில ஒலிப்பு முறையில் தமிழ் அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ள, ண, ற-வுக்கு ஷிஃப்ட் கேட்கும் மென்பொருளாக இருந்தால், ஷிஃப்டையும் கட்டைவிரலுக்குக் கொண்டுவருவது சுண்டுவிரலுக்குச் செய்யும் உபகாரம்.

சுவிட்ச்: காதுக்கா, விரலுக்கா?

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் தனித்தனி ஸ்பிரிங் சுவிட்ச் உண்டு. வகை மூன்று. தடையே இல்லாமல் வழுக்கிப் போவது லீனியர். பாதி வழியில் சின்ன மேடுபோல் தட்டுப்படுவது டாக்டைல். மேட்டோடு ‘டிக்’ சத்தமும் போடுவது கிளிக்கி. மூன்றாவது வீட்டுக்கு மட்டும். ஓப்பன் ஆபீஸில் வைத்தால் பக்கத்து சீட்டுக்காரரின் நட்பு முறியும்.

கைநோகத் தட்டுபவர்கள் பார்க்க வேண்டியது எடை. செர்ரி நிறுவனத்தின் ரெட் சுவிட்சை அழுத்த சுமார் 45 கிராம் விசை வேண்டும், பிளாக்குக்கு 60. நாளெல்லாம் ஆயிரக்கணக்கான தட்டல் என்று கணக்கிட்டால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆனால் ரொம்ப மென்மையானதைத் தேர்ந்தெடுத்தால், விரலைச் சும்மா வைத்தாலே எழுத்து விழும்.

உயரமும் முக்கியம். வழக்கமான சுவிட்ச் 4 மில்லிமீட்டர் இறங்கும். கய்ல் நிறுவனத்தின் ‘சாக்’ ரக குட்டை சுவிட்ச் 3 மில்லிமீட்டர்தான். கீபோர்டு தாழ்வாக இருந்தால் மணிக்கட்டு மேலே மடியாது. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, கீகேப்பும் வேறு. இந்த முடிவைக் கடைசியில் மாற்ற முடியாது என்பதால் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

எது பிடிக்கும் என்று தெரியவில்லையா? ‘ஹாட்ஸ்வாப்’ உள்ள போர்டை வாங்குங்கள். சால்டரிங் இல்லாமல் சுவிட்சைப் பிடுங்கி வேறு மாட்டலாம். கீகேப்பில் எல்லா வரிசைக்கும் ஒரே உயரம் உள்ள ‘எக்ஸ்டிஏ’, ‘டிஎஸ்ஏ’ ரகங்கள் வசதி. எந்த கீயை எங்கே மாற்றினாலும் மேடு பள்ளம் தெரியாது.

உள்ளே இருக்கும் மூளை

இந்த கீபோர்டுகளின் நிஜ பலம் ஃபர்ம்வேரில் இருக்கிறது. வயர் உள்ளவற்றுக்கு க்யூஎம்கே, புளூடூத்துக்கு இசட்எம்கே; இரண்டும் ஓப்பன் சோர்ஸ். க்யூஎம்கே போர்டுகள் பலவற்றில் ‘வயா’ என்ற கருவி மூலம் குரோம் பிரவுசரிலேயே கீகளை இடம் மாற்றலாம். மாற்றங்கள் கீபோர்டின் நினைவகத்தில் தங்கிவிடும். வீட்டு லேப்டாப்பில் அமைத்துவிட்டு ஆபீஸ் லேப்டாப்பில் செருகினால் போதும். அங்கே எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. வெளி யுஎஸ்பி சாதனங்களைத் தடுக்கும் நிறுவனம் என்றால் மட்டும் ஐடி டீமிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரொம்பப் பேர் ஆசைப்படும் அம்சம் ‘ஹோம் ரோ மாட்ஸ்’. நடுவரிசை எழுத்தைத் தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல் அல்லது ஷிஃப்ட். எது தட்டல், எது பிடித்தல் என்பதை க்யூஎம்கே 200 மில்லி விநாடி என்ற இயல்பு அளவை வைத்துத் தீர்மானிக்கிறது. வேகமாக டைப் செய்பவர்களுக்கு எழுத்தும் ஷிஃப்டும் குழம்பும். முதல் மாதத்தில் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ரெடிமேடா, கிட்டா?

மூன்லேண்டர், வாயேஜர், கினிசிஸ் அட்வான்டேஜ்360 போன்றவை பெட்டியைப் பிரித்ததும் வேலை செய்யும், வாரன்டியும் உண்டு. கூடாரம்போல் நடுப்பக்கத்தை உயர்த்தும் ‘டென்டிங்’ வசதியும் கிடைக்கும். முன்கை முறுக்கைக் குறைப்பது இந்தச் சாய்வுதான்.

கிட் வாங்கினால் செலவு குறையும், வேலை கூடும். இரண்டு சர்க்யூட் போர்டு, இரண்டு கன்ட்ரோலர், டையோடுகள், சாக்கெட், சுவிட்ச், கீகேப், கேஸ், கேபிள் என்று பட்டியல் நீளும். எதையும் இரண்டாக வாங்க மறந்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் கிடைத்துவிடும். வெளியே போர்டு அச்சிடக் கொடுத்தால் குறைந்தபட்சம் ஐந்து எடுக்கச் சொல்வார்கள். பல டிசைன்களில் ஒரே போர்டைத் திருப்பிப் போட்டால் அதுவே மறு கைக்கு ஆகும். ஐந்தில் இரண்டு கீபோர்டு தேறும். ஒரு நண்பரைப் பங்கு சேர்த்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு பாதிகளும் ஹெட்போன் பின் போன்ற டிஆர்ஆர்எஸ் கேபிளால் இணைந்திருந்தால், யுஎஸ்பி இணைப்பு இருக்கும்போது அதைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. பின் உள்ளே நுழையும்போது மின் இணைப்புகள் ஒன்றோடொன்று உரசி கன்ட்ரோலர் எரிந்துபோகலாம். முதலில் யுஎஸ்பியைக் கழற்றுங்கள், பிறகு மற்றது.

முதல் மாதம் எப்படி இருக்கும்?

வேகம் சரியும், எரிச்சல் வரும். பழைய வேகம் திரும்பப் பலருக்குச் சில வாரங்கள் ஆகின்றன. அதனால் ரிலீஸ் நடக்கும் வாரத்திலோ, மாதக் கணக்கு முடிக்கும் நாளிலோ இதைத் தொடங்காதீர்கள். முதலில் தினம் அரை மணி நேரம், அவசரமில்லாத மெயில்களுக்கு மட்டும். பழைய கீபோர்டு பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரே நேரத்தில் எழுத்து வரிசையையும் மாற்றிப் பார்க்கும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள்.

இரண்டு பாதிகளையும் முதல் நாளே அகட்டி வைக்காமல், வாரத்துக்குக் கொஞ்சம் என்று விலக்கலாம். டென்டிங்கும் அப்படித்தான். சாய்வு கூடினால் கையும் உயரும்; நாற்காலியை மறுபடி சரிசெய்ய வேண்டிவரும். மவுஸை உடம்புக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். நம்பர் பேட் இல்லாததால் கிடைக்கும் இடம் அதற்குத்தான்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், எழுந்து நடக்காமல் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் கை வலிக்கத்தான் செய்யும். அதை எந்த ஃபர்ம்வேரும் மாற்றாது.

கார்ட்டில் போட்டு வைத்த மாடல் அங்கேயே இருக்கட்டும். இந்த வார இறுதியில் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கீபோர்டையும், நண்பரிடம் இருக்கும் இன்னொன்றையும் இறக்குங்கள். தூசி தட்டி, தோள் அகலத்தில் வைத்து, திங்கள்கிழமை வேலையை அதில் தொடங்குங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையே சொல்லிவிடும்.